படித்தாலும் பிடிபடாத நிரல்

உங்கள் கைப்பேசியில் உள்ள எந்தச் செயலியின் கோப்பையும் ஒருவர் கணினிக்கு எடுத்துச் சென்று, உள்ளே எழுதியிருப்பதை ஓரளவு மீட்டுப் படித்துவிடலாம். அதற்கான டீகம்பைலர் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படிப் படிப்பவருக்கு விளங்காதபடி நிரலை உருமாற்றி வைப்பதைத்தான் ஆபஸ்கேஷன் என்கிறோம். காப்பாரில் இருந்துகொண்டு கிள்ளான் வட்டாரக் கடைகளுக்குச் செயலி எழுதித் தரும் எனக்கு இது அன்றாட வேலை.

1996இல், ஜாவா மொழி புதிதாக வந்த நேரத்தில், நெதர்லாந்தின் ஹான்பீட்டர் வான் விலியட் 'மோக்கா' என்ற டீகம்பைலரை வெளியிட்டார். உழைத்து எழுதியதெல்லாம் அம்பலமாகிறதே என்று நிரலாளர்கள் கொதித்தார்கள். அதற்குத் தடுப்பாக 'கிரேமா' என்ற கருவியை எழுதியவரும் அவரேதான்.

ஆபஸ்கேஷனில் முதல் வேலை பெயர்களை அழிப்பது. ஒரு பகுதிக்கு 'உறுப்பினர் கழிவைக் கணக்கிடு' என்று நான் பெயர் வைத்திருப்பேன். வெளியிடும்போது கருவி அதை வெறும் 'ஏ' ஆக்கிவிடும், அடுத்ததை 'பி'. கைப்பேசிக்குப் பெயர் எதுவானாலும் ஒன்றுதான். கழிவு சரியாகவே வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடுங்கள். ஏதாவது ஒரு முழு எண்ணை எடுத்து, அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கச் சொல்லுங்கள். ஏழை எட்டால் பெருக்கினால் 56. பன்னிரண்டைப் பதின்மூன்றால் பெருக்கினால் 156. எதை எடுத்தாலும் விடை இரட்டைப்படைதான், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை. இப்போது நிரலுக்குள், "இந்த விடை ஒற்றைப்படை என்றால் இந்தப் பக்கம் போ" என்று எழுதுகிறேன். அந்தப் பக்கம் நிரல் ஒருநாளும் போகப்போவதில்லை. ஆனாலும் அங்கே வரி, கழிவு, மீதிப் பணம் என்று அசல் போலவே கணக்கு எழுதி வைப்பேன். திருட வந்தவர் அதையும் உட்கார்ந்து படித்தாக வேண்டும்! ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கோல்பர்க், தாம்பர்சன், லோ மூவரும் 1997இல் இத்தகைய உத்திகளை வகைப்படுத்தி எழுதினார்கள். நான் சொன்ன எளிய கணக்கை இன்றைய கருவிகள் பிடித்துவிடும். அதனால் இன்னும் கடினமான கேள்விகளை நுழைக்கிறோம்.

கிள்ளானில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, யாருக்கும் புரியாதுன்னா பாஸ்வேர்டை ஆப்புக்குள்ளேயே வச்சிடலாமே?" வேண்டாம் அண்ணே என்றேன். எவ்வளவு குழப்பி வைத்தாலும், பயன்படுத்தும் நொடியில் அந்தப் பாஸ்வேர்ட் கைப்பேசியின் நினைவகத்தில் வெளிப்படையாக வந்துதானே ஆக வேண்டும்? காத்திருந்து பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். அதை சர்வரில்தான் வைத்தோம். எல்லா நிரலையும் முழுமையாக மறைக்கும் பொதுவழி கிடையாது என்று 2001இல் ஏழு ஆய்வாளர்கள் கணித முறைப்படி நிறுவிவிட்டார்கள். ஆபஸ்கேஷனால் நமக்குக் கிடைப்பது அவகாசம். திருட வந்தவர் பழையதைப் படித்து முடிப்பதற்குள் நாம் புதிய பதிப்பை வெளியிட்டுவிடலாம்.

நேரம் நெருங்குகிறது, ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மோசடிக்காரர்களும் இதே உத்திகளைக் கையாள்கிறார்கள். நம் மலேசியாவின் எட்டு வங்கிகளுடைய வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளை 2022இல் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. வீடு துப்புரவுச் சேவை என்று சொல்லி வங்கிக் கடவுச்சொல்லையும் எஸ்எம்எஸ்ஸையும் திருடின அவை. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள்.

முழுமையாக மறைக்கப் பொதுவழி இல்லை என்றாலும், 2020இல் ஆயுஷ் ஜெயின், ஹுய்ஜியா லின், அமித் சஹாய் மூவரும் கணித அடித்தளம் உறுதியான ஒருவகை ஆபஸ்கேஷனுக்கு வழி காட்டினார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது இன்னும் மிகவும் மெதுவானது. அதைக் கைப்பேசியில் ஓடும் வேகத்துக்குக் கொண்டுவருகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.