நூறு சதவிகிதக் கணக்கு



எனக்கு முன் பேசிய தோழர், சர்க்கார் ஹைஸ்கூல் உபாத்தியாயர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நான் 30 வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவன். அங்கு சும்மா உட்கார ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் பாடம் சொல்லிக் கொடுக்கவும் நேரமில்லை என்பதுதான் வேடிக்கை!

காலையில் பிள்ளைகள் வந்த கணக்கை ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். அதையே செல்போனிலும் ஏற்ற வேண்டும். கிராமத்தில் சிக்னல் கிடைக்காது. கணக்கு வாத்தியார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடந்துகொண்டிருப்பார். உள்ளே கரும்பலகையில் வட்டம் பாதியில் நிற்கும். பிறகு சைக்கிள் வந்திருக்கிறது, இறக்கு. புத்தகம் வந்திருக்கிறது, எண்ணு. இந்தப் பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரில் வேறாயிருக்கிறது, திருத்து! அந்தப் பெயரை அப்பிள்ளைக்கு எழுதத் தெரியுமா என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

ஓட்டர் ஜாபிதா விஷயமும் அப்படித்தான். பாடம் நடக்கும் நாளில் உபாத்தியாயர்களை இந்த வேலைக்கு அனுப்பக்கூடாது என்று 2007 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவோ, உபாத்தியாயர்களை வேறு வேலைக்கு விடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஜனத்தொகைக் கணக்கு, ஆபத்துக்கால உதவி, தேர்தல் வேலை நீங்கலாக என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. 2025 நவம்பரில் நம் நாட்டில் ஜாபிதாத் திருத்தம் நடந்தபோது வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனவர்களில் உபாத்தியாயர்களும் இருந்தார்கள். அது அரை வருஷப் பரீட்சைக்குப் பாடம் முடிக்க வேண்டிய மாதம்.

நிற்க. இவையெல்லாம் வெறும் தொந்தரவுகள். உண்மையான தீமை வேறு இடத்தில் இருக்கிறது. அதுதான் பாஸ் சதவிகிதம் என்பது.

ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி, 92 சதவிகிதம் காட்டிய தலைமையாசிரியரை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்து, “மீதி 8 எங்கே?” என்று கேட்டார். அவர் தலை குனிந்து நின்றார். சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்கள் அன்று என்ன பாடம் படித்திருப்பார்கள்? அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதாமலே இருந்திருந்தால் இந்த அவமானம் இல்லையே என்பதுதானே!

எட்டாவது வரையில் பெயிலாக்கக் கூடாது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுப் பரீட்சை என்று உத்தரவு வந்து, 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்ததும் நல்லதுதான். ஆனால் பெயிலாக்காமல் இருப்பது வேறு, சொல்லிக் கொடுப்பது வேறு அல்லவா? செங்கல் சூளைக்காரர் மகன் எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஒன்பதாவதுக்கு வந்துவிடுகிறான். அங்கே சட்டத்தின் கை விட்டுப் போகிறது. தகப்பனாரைக் கூப்பிட்டு, “பையனுக்குப் படிப்பு வராது, டி.சி. வாங்கிக்கொள், பிரைவேட்டாக எழுதட்டும்” என்கிறார்கள். அவரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, “என்ன செய்வது, அவன் தலையெழுத்து” என்று போகிறார். எந்தத் தலையில் எவன் எழுதினான் தோழர்களே? ரிஜிஸ்தரில் சிவப்பு மையால் பெயரை அடித்தது மனிதன் கைதானே!

ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பரீட்சை எழுதினவர்கள் 47 பேர். 47 பேரும் பாஸ். வாசலில் நூறு சதவிகிதம் என்று பானர் கட்டி நாமும் கை தட்டுகிறோம். 13 பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. (2020-லும் 2021-லும் தொற்று நோயால் பத்தாவது பரீட்சையே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். நூறு சதவிகிதத்துக்குப் படிப்பு அவசியமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?) பிள்ளைகளுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று சொல்வதை 2017-ல் நிறுத்தினார்கள். ஜில்லாக்களுக்கு அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

உபாத்தியாயர்களை நான் அயோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பையனை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதைக் குறிக்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. அவன் 34 மார்க்கு வாங்கிவிட்டால், அவனுக்காக உழைத்த உபாத்தியாயரே குற்றவாளி. அவனை முன்னமே வெளியேற்றியவர் கெட்டிக்காரர்!

ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சட்டப்படியே பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்கள். பாதி ஸ்தானம் பெண்களுக்கு. அங்கே கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை சதவிகிதம் என்றும் கேட்காதீர்கள். ரிஜிஸ்தரை எடுக்கச் சொல்லுங்கள். இன்று பத்தாவதில் இருக்கும் கூட்டம் ஆறாவதில் சேர்ந்தபோது எத்தனை பேர்? வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களைக் கழித்துவிடுங்கள். மீதிப் பேர்களை வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் நம் ஊரில் வீட்டைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது.