கையொப்பம் என்பது சாட்சியம்



மின்னஞ்சலைப் பூட்டி அனுப்ப நம்மில் பலர் கற்றுக்கொண்டுவிட்டோம். ஆளுக்கு இரண்டு சாவிகள். பொதுச் சாவியை யாருக்கும் தரலாம்; தனிச் சாவியை எவருக்கும் தரக்கூடாது. ஆனால் என் பெயரில் ஒரு பொதுச் சாவியை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். அதை நம்பி நீங்கள் அனுப்பும் செய்தியை எனக்குப் பதில் அந்த ஆள் படிப்பார்.

1991இல் பில் சிம்மர்மன் பிஜிபி மென்பொருளை வெளியிட்டார். அதையொட்டி வளர்ந்த ஏற்பாட்டில், மேலிருந்து முத்திரை குத்த ஓர் அதிகாரி கிடையாது. 'இந்தச் சாவி இவருடையதே' என்று அறிந்தவர்கள் கையொப்பமிடுகிறார்கள். அது அவர் நல்லவர் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

எப்படிச் செய்வது? நேரில் சந்தியுங்கள். உங்கள் சாவியின் கைரேகையை, அதாவது நாற்பது எழுத்தெண்களை, வீட்டிலேயே அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். நாற்பதையும் ஒப்பிட வேண்டும். கடைசி எட்டு மட்டும் ஒத்துப்போகும் போலிச் சாவி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே 2016இல் வெளிப்பட்டது.

முன்பின் தெரியாதவரிடம் அடையாள அட்டை கேளுங்கள். கேட்டால், 'என்மேல் சந்தேகமா?' என்று யாரும் கோபிக்க வேண்டாம். உறுதியில்லை என்றால் கையொப்பமிட மறுக்கலாம். அது அவமதிப்பு ஆகாது. பதவியில் மூத்தவர் என்பதற்காகச் சரிபார்க்காமல் போடும் கையொப்பம் பொய்ச்சாட்சி.

சந்தித்த இடத்திலேயே கணினியைத் திறக்க வேண்டாம். வீட்டுக்குப் போய், சீட்டிலுள்ள கைரேகையோடு சாவியை ஒப்பிட்டுக் கையொப்பமிடுங்கள். அதை அந்தச் சாவியாலேயே பூட்டி, அதில் குறித்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள். அவரால் திறக்க முடிந்தால், முகவரியும் தனிச் சாவியும் அவர் கையில்தான் இருக்கின்றன என்று தெரியும்.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். கையொப்பமிட்ட சாவியை நாமே பொது வழங்கியில் ஏற்றிவிடுகிறோம். ஒவ்வொரு கையொப்பமும் யார் யாருக்குச் சாட்சி சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்று காட்டுகிறது. செய்தியைப் பூட்டிவிட்டோம், ஆனால் யாருக்கு யார் பழக்கம் என்ற பட்டியலை வாசலில் ஒட்டிவிட்டோம். பழைய வழங்கிகளில் ஒருமுறை ஏற்றியதை அழிக்கவும் வழியில்லை.

போராட்டக் களத்தில் இருப்பவருக்கு அந்தப் பட்டியலே ஆபத்தாகலாம். ஆகவே கையொப்பத்தை உரியவரிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.