எல்லாப் பாடமும் தமிழ்ப்பாடமே!

(தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

"ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் கற்பதென்ன?" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், குமுகவியல் என்று ஐந்து நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால், அது பாடப்பட்டியலாகுமேயன்றி உங்கள் கேள்விக்கு விடையாகாது. பத்து அகவைப் பிள்ளையின் உள்ளத்தில் அவ்வைந்து நூல்களும் என்ன செய்கின்றன என்பதன்றோ நாம் அறிய வேண்டுவது? தமிழ்வழியில் பயிலும் பிள்ளைக்கு ஆங்கிலம் நீங்கலாக எல்லாப் பாடமும் தமிழ்ப்பாடமே. தமிழ்ப்பாடத்துள்ளும் கணக்கும் அறிவியலும் உண்டு. இதனை மெய்ப்பிப்பதே என் உரையின் நோக்கம்.

முதலிற் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பில் அளவைகள் விரிகின்றன. சுற்றளவு, பரப்பளவு, கொள்ளளவு என்னும் மூன்று சொற்களை நோக்குங்கள். சுற்றி வரும் அளவு சுற்றளவு. பரந்து கிடக்கும் அளவு பரப்பளவு. உள்ளே கொள்ளும் அளவு கொள்ளளவு. சுற்று, பரப்பு, கொள் என்பவை பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே வீட்டில் அறிந்த சொற்கள். சொல்லைப் பிரித்தால் கணக்கின் பாதி விளங்கிவிடுகிறது.

ஆங்கிலவழியில் பயிலும் சிறுமி ஒருத்தியிடம் ஒருமுறை, "எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள தோட்டத்துக்கு வேலி போட எத்தனை அடிக் கம்பி வேண்டும், அம்மா?" என்று கேட்டேன். அவள் சற்றே விழித்து, "பெரிமீட்டரா, ஏரியாவா, ஐயா?" என்றாள். எந்த வாய்பாட்டைப் போடுவது என்பதே அவள் ஐயம். "சுற்றளவு" என்று மட்டும் சொன்னேன். "சுற்றி வரணுமா? அப்படியானால் நாலு பக்கத்தையும் கூட்டணும்; இருபத்தாறு" என்று உடனே சொல்லிவிட்டாள். அறிவு அவளிடம் இருந்தது. அதன் கதவைத் திறக்கும் சொல்தான் இல்லை. 'ஏரியா' என்றால் அவளுக்கு அவள் குடியிருக்கும் தெருவும் அக்கம்பக்கமும்!

இன்னொன்றையும் கருதுங்கள். 'பெரிமீட்டர்' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் என்ன பொருள்? 'பெரி' என்றால் சுற்றி. 'மெட்ரோன்' என்றால் அளவு. சுற்றளவு என்பதே! கிரேக்கச் சிறுவனுக்கு அவன் தாய்மொழி தந்த விளக்கத்தைத் தமிழ்ச் சிறுவனுக்கு அவன் தாய்மொழி தருகிறது. அதனைப் பறித்துவிட்டு, பொருள் தெரியாத ஓசையை அவன் நாவிலே வைப்பது எவ்வகையில் முன்னேற்றம்?

பின்னம் என்று நூலில் அச்சிடும் கீழ்வாயிலக்கமும் இவ்வகுப்பில் வளர்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. சொல்லே ஒரு பெருக்கலைச் செய்து முடித்துவிட்டது. முக்கால் என்றால் மூன்று கால். காலே அரைக்கால் என்றால் கால்கூட்டல் அரைக்கால், எட்டில் மூன்று. நம் முன்னோர் இருபதில் ஒன்றை மா என்றனர். அதனை நான்காகப் பகுத்த எண்பதில் ஒன்றைக் காணி என்றனர். அதனையும் நான்காகப் பகுத்த 320-இல் ஒன்றை முந்திரி என்றனர். இவற்றைத் தேர்வுக்காக உருப்போடச் சொல்லவில்லை. எட்டில் ஒன்று என்னும் எண்ணத்தைக் கற்பிக்கையில் அரைக்கால் என்னும் சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்து அறிவியல். உடலுறுப்புகளைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கின்றனர். நுரையீரல் – நுரை போன்ற ஈரல். இறைச்சிக் கடையில் அதனைக் கண்ட பிள்ளைக்கு வேறு படமே வேண்டா. செடி உணவு ஆக்குவதைப் படிக்கின்றனர். ஒளிச்சேர்க்கை – ஒளியால் நிகழும் சேர்க்கை. "எவை சேர்கின்றன?" என்ற கேள்வியைப் பிள்ளை தானே கேட்கும். நீரும் கரியமில வளியும் ஒளியின் துணையால் சேர்ந்து மாவுப்பொருள் ஆகின்றன என்னும் விடைக்கு அக்கேள்வியே வாயில்.

தமிழ்ப்பாடத்திலும் அறிவியல் உண்டு என்றேன். மரபுச் சொற்களைக் கற்பிக்கிறோம். மாவிலை, வேப்பிலை என்கிறோம். பனையோலை, தென்னையோலை என்கிறோம். மாவோலை, பனையிலை என்பதில்லை. ஏன்? தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரமுடையதைப் புல் என்றும் உள்ளே வயிரமுடையதை மரம் என்றும் பிரித்து, ஓலை, மடல், பாளை, ஈர்க்கு முதலியவற்றைப் புல்லுக்கும், இலை, தளிர், சினை, அரும்பு முதலியவற்றை மரத்துக்கும் உறுப்பாகச் சொல்கிறது. இற்றை நிலைத்திணையியலார் ஒருவித்திலை, இருவித்திலை என்று பகுப்பதோடு இஃது ஏறத்தாழ ஒத்துவருகிறது. "வாழைக்கு மட்டும் இலை என்கிறோமே, ஐயா?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் மகிழுங்கள், அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

குமுகவியலில் நம் நாட்டு வேளாண்மை வருகிறது. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி எனத் தமிழ் நீர்நிலைகளைப் பலவாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளது. ஊருணி என்றாலே ஊரார் உண்ணும் நீர் என்பது விளங்கும். அதில் மாடு குளிப்பாட்டக் கூடாதென்பதும் விளங்கும். இத்தனைக்கும் 'டேங்க்' என்ற ஒரே சொல்லைக் கற்ற பிள்ளைக்கு மொட்டைமாடியிலுள்ள கருநிற நெகிழித் தொட்டியே கண்முன் நிற்கும். சொல் போனால் ஊர்வரலாறும் உடன்போகும்.

தமிழன்பர்களே! இவற்றை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? பயிற்றுமொழியைத் தேரும் பொறுப்பு இன்று உங்கள் கையில் இருக்கிறது என்பதே கரணியம். ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டுமெனத் தமிழக அரசு 1999-இல் ஆணை பிறப்பித்தது. 2000-இல் சென்னை உயர்நயன்மன்றம் அதனைத் தள்ளிவிட்டது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது, பயிற்றுமொழியாக அன்று. 2012 முதல் அரசுப் பள்ளிகள் பலவற்றிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தோன்றின. 2014-இல் கருநாடக வழக்கில் உச்சநயன்மன்றம், தாய்மொழிவழியை அரசு வற்புறுத்தலாகாது, குழந்தையின் சார்பில் தேர்வது பெற்றோரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆகவே, அரசைக் குறை கூறிக்கொண்டு மட்டும் நாம் இருக்கவியலாது. சூன் திங்களில் சேர்க்கைப் படிவத்தில் நீங்கள் இடும் கையெழுத்தே ஒரு பிள்ளை எம்மொழியில் எண்ணும் என்பதை முடிவு செய்கிறது.

"தமிழிற் படித்தால் பின்னர் மேற்படிப்பில் இடர்ப்படுவானே?" என்பீர்கள். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாடேன். பிள்ளையின் நலம் கருதிய அச்சம் அது. ஆங்கிலத்தை மொழியாக நன்கு கற்பியுங்கள்; அதற்கும் ஐந்தாம் வகுப்பில் பாடவேளை உண்டு. சுற்றளவு இன்னதென உணர்ந்த பிள்ளைக்குப் பின்னாளில் ஒரு புதுச்சொல்லைக் கற்றால் போதும். உணராத பிள்ளைக்கோ சொல்லும் சுமை, பொருளும் சுமை.

"அறிவியலுக்குத் தமிழ் போதுமா?" என்பார்க்கும் ஒரு விடை உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தாமே தமிழ் கற்று, 1864 முதல் மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்தார். அவர் ஆண்ட கலைச்சொற்களுட் பல வடசொற்கள். அவற்றை நல்ல தமிழாக்கும் பணி பின்வந்த அறிஞர்களுக்குரியதாயிற்று. ஆயினும், கடல்கடந்து வந்த ஒருவர் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்திக்காட்டினார். இம்மண்ணிற் பிறந்த நாம் ஐந்தாம் வகுப்பை நடத்தத் தயங்குவதா?

இறுதியாக ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழில் அச்சிட்டுவிட்டால் மட்டும் தமிழ்வழி ஆகிவிடாது. 'ஒளிச்சேர்க்கை' என்பதையும் பொருள் விளக்காமல் மனப்பாடம் செய்வித்தால் அதுவும் அயற்சொல்லே. புதுச்சொல் ஒன்று வந்தால் அதனைப் பிரித்துக் காட்டுங்கள். பிள்ளை அறிந்த வினையோடு பிணையுங்கள். பின்னரே விளக்கத்தை எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு நிமையம் செலவாகும். அஃது ஆண்டு முழுதும் பயன் தரும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "இன்று படித்த சொல் ஒன்றை எனக்கு விளக்கு, கண்ணே" என்று நாள்தோறும் கேளுங்கள். தன் சொல்லால் விளக்கும் பிள்ளை கற்ற பிள்ளை. விளக்கவியலாமல் ஒப்பிக்கும் பிள்ளையை நாம் ஐந்தாண்டு பள்ளிக்கு அனுப்பியும் கல்வியின் வாயிலிலேயே நிறுத்தியிருக்கிறோம். அவ்வாயிலைத் திறக்கும் திறவுகோல் உங்கள் வீட்டு மொழியிலேயே உள்ளது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகள்!