காப்பீட்டு ஏட்டின் சொற்கள்

(கன்னிவாடியில் நம் சங்கத்தின் சார்பில் கூடிய மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

தமிழாசிரியரை அழைத்து மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசச் சொல்வது பொருந்துமோ என்று ஈண்டுச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எம் துணிபு. என்னை? நோய் தீர்ப்பது மருத்துவர் தொழில். பணம் தருவது காப்பீட்டு நிறுவனத்தார் கடன். ஆயினும் அவ்விருவர்க்கும் நமக்கும் இடையே நிற்பது ஒரு தாள். அத்தாளில் உள்ளவை சொற்கள். சொல்லுக்குப் பொருள் காண்பது எம் தொழிலேயன்றோ?

நம் வீடுகளில் ஒருவர் நோயுற்றால் திண்டுக்கல்லுக்கு ஓடுகின்றோம். அங்கும் முடியாதாயின் மதுரைக்கு ஓடுகின்றோம். அங்கே பலகணிக்குப் பின்னிருப்பார் ஒரு தாளை நீட்டுகின்றார். பெரியவர்கள் கையொப்பம் இடும் இடத்தை மட்டும் கேட்கின்றனர். உடன் சென்ற பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிப்பதாயின், "நீ படித்துச் சொல்லப்பா" என்று அதன் கையில் தாளைத் தருகின்றனர். அந்தப் பிள்ளை நீங்களே. ஆதலின் இச்சொற்களை முதற்கண் அறிய வேண்டியவரும் நீங்களே.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளனவே, தமிழில் எங்ஙனம் அறிவது என்று மலைக்க வேண்டா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருந்தார். 1847 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அவர், தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழில் வெளியிட்டார், கலைச்சொற்களையும் தொகுத்தார். வேற்று நாட்டார் ஒருவர் அன்றே அத்துணை செய்தாரெனின், நாம் பத்துப் பதினைந்து சொற்களை அறிவது அரிதாகுமோ?

நிற்க. காப்பீட்டு ஒப்பந்த ஏட்டைப் பாலிசி என்கின்றனர். அதற்கு நாம் ஆண்டுதோறும் கட்டும் பணம் பிரீமியம்; காப்பீட்டுக் கட்டணம் எனலாம். நிறுவனத்தார் ஓராண்டில் மிகுதியாகத் தரக்கூடிய எல்லை காப்பீட்டுத் தொகை. செலவைக் கேட்டு நாம் விண்ணப்பிப்பது கிளெய்ம், அஃதாவது உரிமை கோருதல். இவை எளியன, இவற்றில் எவரும் இடறுவதில்லை. இடறும் இடங்கள் வேறு.

முதலாவது, முன்பே உள்ள நோய். இத்தொடரை வகுப்பில் எழுதிப் பொருள் கேட்டபொழுது, "நமக்கு முன்னால் நிற்கும் நோய்" என்றான் ஒரு மாணவன். யாவரும் நகைத்தனர். அவன்மேல் குற்றமில்லை, முன் என்னும் சொல் காலத்தையும் காட்டும், இடத்தையும் காட்டும். ஈண்டுக் காலத்தையே காட்டுகின்றது. எதற்கு முன்? பாலிசி எடுத்த நாளுக்கு முன். அந்நாளுக்கு முந்திய 36 மாதங்களுள் மருத்துவர் கண்டறிந்த நோயும், மருத்துவர் அறிவுரையோ சிகிச்சையோ பெற்ற நோயும் இதில் அடங்கும். இத்தகைய நோய்க்குச் சில காலம் நிறுவனத்தார் பணம் தாரார். அக்காலமே காத்திருப்புக் காலம். முன்னர் இது 48 மாதங்கள் வரை செல்லும். 2024 இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதனை 36 மாதங்களுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது.

இதனால் நேர்ந்த துன்பம் ஒன்றை யாம் அறிவோம். நம் பக்கத்து முருங்கை விவசாயி ஒருவர்க்குப் பல்லாண்டாகச் சர்க்கரை நோய் உண்டு. பாலிசி எடுக்கும்பொழுது முகவர், "சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லையென்று போட்டுவிடுவோம் அண்ணாச்சி, இல்லையேல் கட்டணம் ஏறும்" என்றாராம். இவரும் இசைந்தார். இரண்டாம் ஆண்டில் காற்புண் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தார். பழைய மருந்துச் சீட்டுகளில் நோயின் வயது எழுதியிருந்தது. நோயை மறைத்தார் என்று கூறிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டனர். கறவை மாடுகள் இரண்டும் விலையாயின. மனைவியார் நகை அடகுக் கடைக்குச் சென்றது. உண்மையைச் சொல்லியிருந்தால் கட்டணம் சில ஆயிரம் மிகுந்திருக்கும். காத்திருப்புக் காலம் கழிந்தபின் அந்நோய்க்கே பணமும் கிடைத்திருக்கும். முகவர் எழுதினாலும் கையொப்பம் நம்முடையது என்பதை மறவற்க. இடையறாது 60 மாதங்கள் கட்டணம் செலுத்தி வந்தால், மெய்ப்பிக்கப்பட்ட மோசடி ஒழிய வேறு மறைப்பைக் காட்டி நிறுவனத்தார் கோரிக்கையை மறுக்க இயலாது என்னும் விதியும் உண்டு. ஆனால் அதனை நம்பிப் பொய் எழுதுவது பேதைமை. மறைத்ததே மோசடி என்று நிறுவப்படின் அவ்விதியும் துணை வாராது.

இரண்டாவது, அறை வாடகை வரம்பு. இஃது எல்லாப் பாலிசிகளிலும் இல்லை. இருக்கும் பாலிசியில் இதன் கொடுமையைக் கணக்கிட்டே காட்டுவோம். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் 100 க்கு 1, ஆகவே நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்குகிறார். வாடகை 30,000 இல் 15,000 தான் வரும் என்று நாம் எண்ணுவோம். அவ்வளவோடு நிற்பதில்லை. வரம்புக்கு இருமடங்கு வாடகையில் தங்கியமையால், மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் முதலியனவும் பாதியாகக் குறைக்கப்படலாம். அவை 80,000 ஆயின் 40,000 நம் தலையில் விழும். ஆக, அறையில் சற்று வசதி வேண்டியதற்கு இழப்பு 55,000. மருந்து, பரிசோதனை, உடலுள் வைக்கும் கருவி ஆகியவற்றின் விலையை இங்ஙனம் குறைத்தல் கூடாது என்பது விதி. பட்டியலில் அவற்றையும் குறைத்திருந்தால் கேளுங்கள். வரம்பு யாதென்று சேரும்பொழுதே கேட்பது இன்னும் நன்று.

கேஷ்லெஸ் என்பதனைக் கையில் பணமின்றிப் பெறும் சிகிச்சை எனலாம். நிறுவனத்தார் மருத்துவமனைக்கே நேரே பணம் செலுத்துவர். செலவு முழுதும் இலவசம் என்பது இதன் பொருளன்று. இதற்கு முன் அனுமதி வேண்டும். கேஷ்லெஸ் இல்லையாயின் நாமே செலவிட்டுப் பின்னர்க் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு மூலச் சீட்டுகள் யாவும் இன்றியமையாதன. உள்நோயாளி என்பவர் பொதுவாக 24 மணி நேரமாவது சேர்ந்து தங்கியவர். கண்புரை அறுவை, இரத்தச் சுத்திகரிப்பு போன்றவற்றிற்கு இந்நேரக் கணக்கு இல்லை. காய்ச்சலுக்கு மருந்து வாங்கி வீடு திரும்புபவர் புறநோயாளி. அவர் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏலா.

அரசின் காப்பீடு வேறு வகையது. தமிழ்நாட்டில் 2009 இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022 இல் 72,000 இலிருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. இதில் நாம் கட்டணம் கட்டுவதில்லை. முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பும் இல்லை. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையிலே, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கே செல்லும். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டு நோயில்லாத நாளிலேயே பதிந்துகொள்ளுங்கள். நோயாளியை வண்டியில் கிடத்திவிட்டு வருமானச் சான்றுக்கு அலைவாரை யாம் கண்டுள்ளோம்.

இன்னும் இரண்டு சொல்லி முடிப்போம். பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, வேண்டாவெனில் திருப்பித் தரலாம். அதனோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என ஒன்று தருவர். காத்திருப்பும் வரம்பும் அதில் சுருக்கமாக இருக்கும். அதனைத் தமிழில் கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டு. கோரிக்கை தள்ளப்பட்டால் முதலில் நிறுவனத்தார்க்கே எழுத்தில் முறையிடுக. ஒரு மாதத்துள் விடை வாராவிடினும், வந்த விடை நேர்மையன்றெனினும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் பாலிசி உள்ளோர் அடுத்த கூட்டத்திற்கு அதன் படியொன்றைக் கொண்டு வருக. கூட்டம் முடிந்தபின் உடனிருந்து படிப்போம். இப்பொழுது ஐயம் உடையோர் வினவலாம்.