பிரம்பைக் கீழே வைத்த பிறகு...

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கடைவீதியில் இரு வியாபாரிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் தகராறு. ஜமாஅத்தில் என்ன செய்கிறோம்? இருவரையும் உட்கார வைத்து, நஷ்டம் யாருக்கு, யார் ஈடு செய்வது என்று பேசித் தீர்க்கிறோம். அதே நாம், ஏழு வயதுப் பிள்ளை பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்தால், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் சார்" என்கிறோம்!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்துவிட்டது. சரி, பிரம்புக்குப் பதில் என்ன?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் 2015 முதல் 2017 வரை ஒரு முறையைச் சோதித்தார்கள். பிள்ளைகள் வட்டமாக அமர்வார்கள். என்ன நடந்தது? யாருக்குப் பாதிப்பு? எப்படிச் சரி செய்வாய்? இவ்வளவுதான் கேள்வி. தொடக்க வகுப்புகளில், தண்டனையாகப் பள்ளியை விட்டு நிறுத்தப்படும் நாட்கள் குறைந்தன. மறைக்காமல் சொல்கிறேன், நடுநிலை வகுப்புகளில் படிப்பு சற்றுச் சரிந்தது. ஆகவே சின்ன வகுப்பிலேயே தொடங்குவோம். கிழித்தவனே உட்கார்ந்து பாடத்தைத் திரும்ப எழுதிக் கொடுக்கட்டும்.

இதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்கிறது அதே சட்டம். நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நாளைக் காலை கடை திறக்குமுன் போய் எண்ணிப் பாருங்கள்.