படக்கருவியும் பார்க்கும் கண்ணும்

கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் இன்று படமெடுக்கின்றனர். இதனால் ஒளிப்படத்தின் தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா? என் பட்டறிவைக் கொண்டே விடை காண முயல்கிறேன்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், 1984ஆம் ஆண்டில், நான் ஒரு படக்கருவி வாங்கினேன். ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காசு. ஆதலின் ஒளி எப்பக்கம் விழுகிறது, பின்னால் என்ன தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தே பொத்தானை அழுத்துவேன். எஞ்சிய கடைசிப் படத்தை, திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் அன்னையை நிமிரச் சொல்லி எடுத்தேன். கழுவி அச்சிட்டு வந்தபோது பார்த்தால், அன்னையின் கண்கள் மூடியிருந்தன. அடுத்த சுருள் வாங்குமுன் அவர் காலமானார்.

1975இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மின்னணுப் படக்கருவியை அமைத்தார். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. அதை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின. இன்றைய கைப்பேசியோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளை இமைப்பொழுதில் பதிக்கிறது. மங்கிய ஒளியிலும் எடுக்கிறது. எடுத்ததை உடனே காட்டுகிறது. அன்று இக்கருவி இருந்திருப்பின், அன்னையை மீண்டும் ஒருமுறை நிமிரச் சொல்லியிருப்பேன். ஆகவே, பழமையே சிறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் மாணவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். அருச்சுனன் தபசுப் பாறையின் முன் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தனர். மறுநாள் வகுப்பில், "பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையைக் கண்டீர்களா?" என்று கேட்டேன். கண்டவர் ஒருவரும் இலர். பின்னர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தனர். பூனை அங்கே தெளிவாக நின்றது! கருவி கண்டதைக் கண் காணவில்லை.

கருவியின் தரம் வேறு; படத்தின் தரம் வேறு. முன்னதை அறிவியல் வளர்த்துவிட்டது. பின்னதை நம் கவனமே வளர்க்க வேண்டும். 36 படங்கள் என்ற எல்லை அக்கவனத்தை எங்கள்மீது சுமத்தியது. நீங்கள் அதை விரும்பி ஏற்றல் வேண்டும்.

இன்று மாலை வீட்டில் உங்கள் அன்னையைப் படமெடுங்கள். இதுவே சுருளின் கடைசிப் படம் என்று எண்ணி, முதலில் அவரை நன்றாகப் பாருங்கள். எடுத்தபின், அவர் கண்கள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.