கம்ப்யூட்டர் பிழைத்தது, கணக்கு பிழைத்ததா?

(மாலை வகுப்பில் ஒரு மெக்கானிக் பேசியது)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடித்துத்தான் பழக்கம். நம் பெங்களூரில் எஸ்.பி. ரோடு இருக்கிறதே, டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் பக்கத்தில், அங்கே ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். எஸ்.பி. ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அது சாதர் பத்ரப்பா ரோடு என்பது பல பேருக்குத் தெரியாது. வயர், பல்பு, டி.வி. சாமான், கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும்.

ஒரு நாள் காலை. கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு இருந்தேன். ஒரு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போல ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வந்தார். பழைய துண்டால் மூடியிருந்தார்.

"தம்பி, இதில் 18 பேர் பணம் இருக்கிறது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பெட்டிக்குள் பணமா?

அவர் ஒரு மகளிர் சங்கத்தின் தலைவி. சங்கத்தில் 18 பேர். எல்லோரும் வீட்டு வேலை, பூ வியாபாரம், கார்மெண்ட்ஸ் வேலை செய்கிறவர்கள். வாரம் 50 ரூபாய் சேமிப்பு. அந்தப் பணத்தில் இருந்தே கடன் கொடுப்பார்கள். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி, எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. நான்கு வருடக் கணக்கு.

ஒரு வாரத்துக்கு முன்னால் கரண்ட் போய் வந்திருக்கிறது. அதன் பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ வெள்ளை எழுத்து. பக்கத்தில் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் பளிச்சென்று வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். கணக்கைத் தேடினார். கணக்கு இல்லை!

"இரண்டு நாள் தேடினேன் தம்பி. பிள்ளைகள் அதில் இரண்டு சினிமாவும் பார்த்தார்கள்" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

(கையில் உள்ளதைக் காட்டுகிறார்.)

இதுதான் ஹார்ட் டிஸ்க். செத்துப்போன டிஸ்க். உங்களுக்குக் காட்டத்தான் மூடியைத் திறந்து கொண்டுவந்தேன். உள்ளே வட்டமாகத் தட்டு இருக்கிறது பாருங்கள். கண்ணாடி போல முகம் தெரிகிறது. இதன் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. நாம் டைப் செய்யும் எழுத்து, எடுக்கும் போட்டோ, எல்லாம் இதில் காந்தப் புள்ளிகளாகப் பதிகிறது.

இந்தத் தட்டு ஒரு நிமிடத்தில் 5,400 முறை சுற்றும். சில டிஸ்க்குகள் 7,200 முறை. நம் வீட்டு ஃபேன் ஒரு நிமிடத்தில் 400 முறைகூடச் சுற்றுவது கஷ்டம். இதோ, இந்தச் சின்னக் கை இருக்கிறதே, இதன் நுனியில் தலை இருக்கிறது. அதுதான் படிக்கும், எழுதும். அது தட்டைத் தொடாது. மேலே மிதக்கும். இடைவெளி எவ்வளவு? நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தூசி உள்ளே போனால் தலைக்கு அது பாறாங்கல். தலை இடித்துத் தட்டைக் கீறினால், கீறின இடத்தில் இருந்தது போனதுதான். அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு அடி அகலம். 50 லட்சம் எழுத்துதான் அதில் பிடிக்கும். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோகூடச் சில சமயம் அதில் அடங்காது!

சரி, அக்காவின் கதைக்கு வருவோம். முதலில் பார்த்தவர் என்ன செய்தார்? டிஸ்க்கை ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. "கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று அக்கா சொன்னார். ஓட வைத்தார். "உள்ளே கணக்கு இருக்கிறது, அது வேண்டும்" என்று அக்கா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை என்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

ஃபார்மட் செய்தால் எல்லாம் உடனே அழிந்துவிடுமா? பெரும்பாலும் இல்லை. ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் எல்லாம் பெயர்ப்பலகை. ஒருவன் வந்து பலகையை எல்லாம் பிடுங்கிவிட்டான். தபால்காரருக்கு வீடு தெரியாது. ஆனால் வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். சாதாரணமாக ஒரு ஃபைலை அழித்தாலும், அவசர ஃபார்மட் செய்தாலும், இப்படித்தான் பலகை மட்டும் போகும். ஆனால் பலகை இல்லாத வீட்டைக் காலி வீடு என்று கம்ப்யூட்டர் நினைக்கும். புதிய ஆளைக் குடி வைத்துவிடும். அப்போதுதான் பழைய ஆள் உண்மையில் போகிறார்.

புதிய விண்டோஸ் பெரிய குடும்பம். பல வீடுகளில் குடியேறிவிட்டது. பிறகு இரண்டு சினிமாக்களும் குடிவந்தன. அதனால்தான் தலையில் கை வைத்தேன்.

"முடியுமா தம்பி?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஆகல்லம்மா" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

எனக்கு அப்போது கல்பனா சாவ்லா ஞாபகம் வந்தது.

அவரை உங்களுக்குத் தெரியும். ஹரியானாவில் கர்னாலில் பிறந்த பெண். அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் 2003-ல் ஆறு பேருடன் போனார். 16 நாட்கள் மேலே ஆராய்ச்சி செய்தார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே ஓடம் உடைந்து சிதறியது. ஏழு பேரும் இறந்துபோனார்கள். அதற்கு முந்தின வருடம் நம் நாடு வானிலை பார்க்க ஒரு செயற்கைக்கோள் அனுப்பியிருந்தது. நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோவின் செயற்கைக்கோள் அது. அதற்குக் கல்பனா-1 என்று பெயர் மாற்றினார்கள்.

அந்த ஓடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஸெனான் என்ற வாயுவைப் பற்றிய ஆராய்ச்சிக் கணக்கு அதில் இருந்தது. ஓடம் பறக்கும்போதே கொஞ்சம் கணக்கு ரேடியோ மூலம் பூமிக்கு வந்துவிட்டது. மீதி டிஸ்க்கில். ஓடம் சிதறிச் சுமார் ஆறு மாதம் கழித்து, வற்றிப்போன ஒரு ஏரிப் படுகையில் அந்த டிஸ்க் கிடைத்தது. வானத்தில் எரிந்து, தரையில் மோதி, வெயிலிலும் மழையிலும் கிடந்த டிஸ்க். பிளாஸ்டிக் உருகியிருந்தது. தூசி தடுக்கும் அடைப்பும் உருகி, உள்ளே அழுக்கு போயிருந்தது.

டிஸ்க் மீட்கும் கம்பெனி ஒன்றில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற இன்ஜினியர் அதைப் பார்த்தார். தட்டுகளை எடுத்தார். மருந்து நீரால் கழுவினார். வேறு நல்ல டிஸ்க்கின் உறுப்புகளுக்குள் பொருத்தினார். கிட்டத்தட்ட 99 சதவீதம் கிடைத்தது! தட்டில் காயம் இருந்தது. ஆனால் காயம் பட்ட இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. டிஸ்க் பாதி காலியாக இருந்தது. அந்த ஆராய்ச்சி 2008-ல் அச்சில் வந்தது. கல்பனாவும் கூட இருந்தவர்களும் செய்த வேலை வீணாகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஓடத்தில் இருந்து வேறு இரண்டு டிஸ்க்குகளும் அவரிடம் வந்தன. அவற்றில் ஒன்றுமே கிடைக்கவில்லை. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

நான் அக்காவிடம் சொன்னேன்: "பார்க்கிறேன். உறுதி சொல்ல மாட்டேன்."

டிஸ்க்கைக் கழற்றினேன். அந்தக் கம்ப்யூட்டரில் மறுபடி ஒரு தடவைகூட ஓட்டவில்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிஸ்க் முழுவதையும் ஒரு புதிய டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்தேன். இதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. இலவசம். நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளும். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய், பிறகு திரும்பி வந்து முயற்சி செய்யும். பரீட்சையில் தெரிந்த கேள்விக்கு முதலில் பதில் எழுதுவோம் அல்லவா, அதுபோல. ராத்திரி முழுவதும் ஓடியது. டிஸ்க்கிலேயே சில இடங்கள் கெட்டிருந்தன. கரண்ட் மட்டும் காரணம் இல்லை, டிஸ்க்குக்கு வயதும் ஆகியிருந்தது.

பிறகு நகலில்தான் தேடினேன். அசலைத் தொடவே இல்லை. ஃபோட்டோரெக் என்ற இன்னொரு இலவச புரோகிராம், பெயர்ப்பலகை இல்லாத வீடுகளைக் கதவு தட்டித் தேடும். பெயர் இல்லாத ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. யாருடைய கல்யாண போட்டோவோ பாதி வந்தது. மாப்பிள்ளை இருக்கிறார், பெண் இல்லை!

மூன்றாம் நாள் கணக்கு கிடைத்தது. ஆனால் பழைய நகல். கடைசி 14 மாதக் கணக்கு இல்லை. அந்த இடத்தில் புதிய விண்டோஸ் உட்கார்ந்திருந்தது.

அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எல்லாரிடமும் பாஸ்புக் இருக்கிறதே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார். போனேன். ஒரு சின்ன வீடு. 18 பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சங்கத்தின் பாஸ்புக். பணம் கட்டும்போது தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். ஒருவர் பின் ஒருவராகப் படித்தார்கள். நான் டைப் செய்தேன். சிலர் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஒருவருடைய பாஸ்புக் துணியோடு துவைக்கப்பட்டிருந்தது. அவருக்கு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தோம்.

நடுவில் ஒரு சண்டை. மீட்ட கணக்கில் ஒரு அம்மாவுக்கு ஐந்து தவணை கட்டியதாக இருந்தது. அவர் ஆறு என்றார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாஸ்புக்கை நீட்டினார். ஆறாவது தவணை, தேதி, தலைவியின் கையெழுத்து எல்லாம் இருந்தது.

அப்போது மூலையில் இருந்து இன்னொரு அம்மா பேசினார். அவருக்கும் இவருக்கும் ஒரே பெயர். "கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு தவணை அதிகமாகப் படித்தீர்கள். அது என் பணம் இல்லை. நான் கட்டவில்லை" என்றார்.

பெயரைப் பார்த்து மாற்றி டைப் செய்திருக்கிறார்கள். நாம் தப்பாகப் போட்டதைக் கம்ப்யூட்டர் தப்பாகவே காத்து வைத்திருந்தது. டிஸ்க் கெடாவிட்டால் அந்தத் தப்பு இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

உங்களில் சிலருடைய வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும். பிள்ளைகள் படிக்க வாங்கியிருப்பீர்கள். அதனால் சில விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

டிஸ்க்கில் இருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். பெரும்பாலும் தலை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் தட்டைக் கீறக்கூடும். தட்டிப் பார்க்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஈரம் உள்ளே போகும், வைக்காதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள். தூசி இல்லாத தனி அறையில்தான் திறக்க வேண்டும். என் கடையில்கூட அந்த அறை இல்லை. அதனால் நானே திறப்பதில்லை, அந்த வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடுவேன். செலவு அதிகம் ஆகும். எவ்வளவு என்று முன்னாலேயே எழுதி வாங்குங்கள்.

சத்தம் இல்லாமல் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல சமயம் வயர்தான் தளர்ந்திருக்கும். ஆனால் கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: "உள்ளே இருப்பது வேண்டும். கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்." டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் வீட்டு போட்டோ, ஆதார் நகல் எல்லாம் இருக்கும்.

இப்போது எஸ்.எஸ்.டி. என்று ஒரு வகை வருகிறது. சுற்றும் தட்டே கிடையாது. வேகம் அதிகம், விழுந்தாலும் சுலபத்தில் கெடாது. ஆனால் அழித்ததை அதில் இருந்து மீட்பது மிகக் கஷ்டம். அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துவிடும். போனும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அந்தச் சங்கம் இப்போது என்ன செய்கிறது தெரியுமா? மாதக் கடைசியில் கணக்கை இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்கிறார்கள். ஒன்று தலைவி வீட்டு அரிசி டப்பாவில். இன்னொன்று கோலார் தங்கவயலில் அவர் தங்கை வீட்டில். தங்கை மாதம் ஒரு தடவை வரும்போது பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிப் போகிறார். பாஸ்புக்கையும் விடவில்லை. ஒரே பெயர் உள்ள இருவருக்கும் இப்போது நம்பர் கொடுத்திருக்கிறார்கள், ஏழு, பதினொன்று என்று.

என் பேச்சு அவ்வளவுதான். இந்த டிஸ்க்கைக் கை மாற்றிப் பாருங்கள். தட்டைத் தொடலாம். இது ஏற்கெனவே செத்துப்போனது. ஓரம் மட்டும் கூர்மை, கையைக் கிழிக்கும், பார்த்து. கேள்வி இருந்தால் கேளுங்கள்.